மூடி போட்டு எடுத்த படம்

பென்னலூர்ப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எடைமேடை புதிதல்ல. லாரி ஒருமுறை காலியாக ஏறும், ஒருமுறை சரக்கோடு ஏறும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு காலி எடை உண்டு.

ஒரு மே மாத இரவு. மொட்டை மாடியில் கேமராவை வைத்து, வானம் நகரும் வேகத்துக்கே அதைத் திருப்பும் தாங்கியையும் பொருத்தி, ஐந்து நிமிடம் ஒரே படம் எடுத்தேன். கணினியில் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வானத்தில் இல்லாத விண்மீன்கள்! கேமராவை வேறு திசைக்குத் திருப்பி இன்னொரு படம் எடுத்தேன். அதே புள்ளிகள், அதே இடங்களில். திருடன் வானத்தில் இல்லை, பெட்டிக்குள்ளேயே இருந்தான்.

கேமராவின் உணரி ஒரு சிலிக்கான் சில்லு. அதன் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் விடுபடும். கேமரா அவற்றை எண்ணிப் படமாக்கும். ஆனால் வெப்பமும் எலக்ட்ரானை விடுவிக்கும். ஒளி தந்தது எது, சூடு தந்தது எது என்று சில்லுக்குத் தெரியாது. ஏறக்குறைய ஆறு டிகிரி சூடு ஏறினால் இந்தப் பொய்க்கணக்கு இரட்டிப்பாகும். நம் ஊர்க் கோடையில் கேட்கவா வேண்டும்! அதிலும் லட்சக்கணக்கான புள்ளிகளில் சில மட்டும் ஓட்டைக் குடம்போல அதிகமாகக் கசியும். நான் பார்த்த வண்ண விண்மீன்கள் அவைதான்.

இதற்கு வைத்தியம், மூடியைப் போட்டு இன்னொரு படம். ‘டார்க் ஃபிரேம்’ என்பார்கள். இருட்டுப் படம் என்றே வைத்துக்கொள்வோம். வானப் படத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் இதற்கும் ஐந்து நிமிடம். கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவும் அதேதான். முக்கியமாக, உணரியின் சூடும் அதே அளவில் இருக்க வேண்டும். ஒரு லாரியின் காலி எடையை இன்னொரு லாரியின் சரக்குக்குக் கழிக்க முடியாதல்லவா? பிறகு வானப் படத்திலிருந்து இதைப் புள்ளிக்குப் புள்ளி கழித்தால் பொய் விண்மீன்கள் மறைந்துவிடும்.

முழுக்கப் போய்விடுமா என்றால், இல்லை. தகரக் கூரையில் விழும் தூறலைப் போல, வெப்ப எலக்ட்ரான்களின் சராசரி ஒன்றாக இருந்தாலும் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சற்று மாறும். நூறு விழும் இடத்தில் ஒருமுறை தொண்ணூறு, ஒருமுறை நூற்றுப்பத்து. சராசரியைக் கழிக்கலாம், இந்தத் தடுமாற்றத்தைக் கழிக்க முடியாது. ஒரே ஒரு இருட்டுப் படத்தைக் கழித்தால் அதன் தடுமாற்றமும் நம் படத்தில் வந்து சேரும். அதனால்தான் இருபது எடுத்துச் சராசரி பார்க்கிறோம். பொறுமை வேண்டும், நானே பாதியில் தூங்கிப்போயிருக்கிறேன்.

அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய் வாணியம்பாடியில் மலையேறினால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அங்கே வேறு வழி: சூட்டைக் கழிப்பதைவிட, சூடே வராமல் பார்த்துக்கொள்வது. உணரியைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பார்கள். அந்தத் திரவத்தின் கொதிநிலையே மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் வெப்பக் கசிவு ஏறக்குறைய நின்றே போகும். மாடியில் நிற்கும் நமக்கு அது கட்டுப்படியாகாது. மூடிதான் நம் நைட்ரஜன்.

ஒன்றை மட்டும் இருட்டுப் படத்திடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரகடம் பக்கம் தொழிற்சாலை விளக்குகளால் வெளுத்துக் கிடக்கும் வானத்தை அது கறுப்பாக்காது. அந்த வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்தது. லாரியின் எடையல்ல, சரக்கோடு கலந்த மண். அதற்கு ஜவ்வாது மலைக்குத்தான் போக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும்போது ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். முடிந்ததும் கேமராவை ஏ.சி. அறைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். மூடியைப் போட்டு, கண் வைத்துப் பார்க்கும் துளையையும் கறுப்புத் துணியால் மறைத்து, அதே மாடியில், அதே பனியில் இருட்டுப் படங்களையும் எடுத்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.