எல்லை தாண்டி வரும் வெளிச்சம்



வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. கடையும் மூடிவிட்டது. அப்போது என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்குவோம். அவர்களுக்குத் தேவைப்படும்போது நாம் கொடுப்போம். இது ஊர் வழக்கம்.

நாடுகளும் இப்படிக் கொடுத்து வாங்குகின்றன. எதை? மின்சாரத்தை!

அரிசியை மூட்டை கட்டி வைக்கலாம். மின்சாரத்தை அப்படி ஏராளமாகச் சேர்த்து வைப்பது கடினம். செலவும் அதிகம். உண்டாகும் நொடியிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். ஒரு நாட்டில் ஆற்று நீர் வீணாக ஓடும். அதே நேரம் பக்கத்து நாட்டில் விளக்கு எரியாது. இரண்டு பேருக்கும் நட்டம். இடையில் ஒரு கம்பி இருந்தால்? இரண்டு பேருக்கும் லாபம்.

முதலில் பூட்டானைப் பார்ப்போம். இமயமலையில் உள்ள சிறிய நாடு அது. அங்கே வேகமாக ஓடும் ஆறுகள் உண்டு. ஆனால் அணை கட்டப் பணம் இல்லை. இந்தியாவிடம் பணம் இருந்தது. தேவையும் இருந்தது. 1974இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. சுக்கா என்ற இடத்தில் நீர்மின் நிலையம் எழுந்தது. செலவில் நூற்றுக்கு 60 பங்கு இந்தியாவின் கொடை. 40 பங்கு கடன். அதன் திறன் 336 மெகாவாட்.

மெகாவாட் என்றால் என்ன? 10 வாட் குண்டு பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாவாட்டில் அப்படி ஒரு லட்சம் பல்புகள் எரியும்.

சுக்காவுக்குப் பிறகு 1020 மெகாவாட் திறனுள்ள தாலா நிலையம் வந்தது. மாங்டேச்சு நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் பூட்டானின் ஆறுகள் பெருகும். மிஞ்சிய மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கும். குளிர்காலத்தில் ஆறுகள் சுருங்கும். அப்போது இந்தியாவிடம் வாங்கும். கைமாற்று என்பது இதுதான்.

அடுத்து நேபாளம். அங்கும் ஆறுகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் 2008-09 குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார்கள். ஆறு இருந்தும் விளக்கு இல்லை! பிறகு நேபாளத்தின் தால்கேபருக்கும் பீகாரின் முசாபர்பூருக்கும் இடையே பெரிய மின்கம்பி போடப்பட்டது. 2016இல் அதில் மின்சாரம் ஓடத் தொடங்கியது. முதலில் இந்தியாவிலிருந்து நேபாளத்துக்குப் போனது. நேபாளத்தில் புதிய நிலையங்களும் வந்தன. 2021இல் நேபாளம் தன் மின்சாரத்தை இந்தியச் சந்தையில் விற்கத் தொடங்கியது. வாங்கிய கையே கொடுக்கும் கையாக மாறியது.

நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே இந்திய மண் இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அது சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனாலும் இந்தியா வழிவிடாமல் மின்சாரம் போக முடியாது. 2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பி வழியாக வங்கதேசம் போகும். 2024 நவம்பர் 15 அன்று முதன்முறையாக அது போய்ச் சேர்ந்தது. 40 மெகாவாட் பெரிய அளவு அல்ல. ஆனால் மூன்று நாடுகள் ஒரு கம்பியால் இணைந்தது பெரிய செய்தி.

கம்பி போட்டால் மட்டும் போதுமா? போதாது. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளும் ஒரே நடை நடக்க வேண்டும். ஒன்று தடுமாறினால் மற்றதும் சாயும். மின்வலையும் அப்படித்தான். எவ்வளவு உண்டாகிறதோ அவ்வளவே செலவாக வேண்டும். இதை இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். கவனம் தவறினால் என்ன ஆகும்? 2012 ஜூலை 31 அன்று இந்தியாவின் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளின் மின்வலை விழுந்தது. சுமார் 60 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். ரயில்கள் நடுவழியில் நின்றன.

வேறு சிக்கல்களும் உண்டு. பூட்டானில் புனாட்சாங்சு முதல் திட்டத்தில் 2013இல் மலைச்சரிவு நகர்ந்தது. வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமானது. செலவு ஏறியது. கடன் சுமையும் ஏறியது. அணையாலும் கம்பியாலும் சிலர் நிலம் இழக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான ஈடு கிடைக்க வேண்டும். பெரிய நாடு சொன்னதே விலை என்றும் இருக்கக்கூடாது.

2014இல் காத்மாண்டுவில் சார்க் அமைப்பின் எட்டு நாடுகளும் மின்சார ஒத்துழைப்புக்குக் கையெழுத்துப் போட்டன. அதன் பிறகு அந்த நாடுகளின் தலைவர்கள் கூடும் உச்சி மாநாடு நடக்கவில்லை. அரசியலில் மனக்கசப்பு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலடிக் கம்பி போடுவது பற்றியும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. கம்பி இன்னும் வரவில்லை.

ஆனால் நமக்கும் இதில் பங்கு உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாகத் தென் மாநிலங்கள் நாட்டின் மின்வலையோடு ஒன்றாயின. பூட்டான் ஆற்றின் மின்சாரமும் நேபாள ஆற்றின் மின்சாரமும் அதே வலையில்தான் கலக்கின்றன. இன்று மாலை உங்கள் வீட்டு விளக்கைப் போடுங்கள். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் எத்தனை ஊர்கள், எத்தனை கைகள்!

பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறு இருக்கலாம். அதற்காக அவர் வீட்டில் விளக்கு அணைய வேண்டும் என்று நினைப்போமா? நாடுகளுக்கும் இதே கேள்விதான். கூடிப் பேசுங்கள் நண்பர்களே.