குடத்தை எப்போது தூக்கலாம்?

மருத்துவ நண்பர்களே, செவிலியர்களே, புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்களே! ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் பூமி. வெளியே சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிக் கேட்பார்: "என்ன பத்தியம்ங்க டாக்டர்?" நாம் பெருந்தன்மையாக, "பத்தியமே கிடையாது, எல்லாம் சாப்பிடுங்க" என்போம். அவர் காதில் அது பதிலாகவே விழுவதில்லை. நாம் எழுதாமல் விட்ட பத்தியச் சீட்டை ஊர் நிரப்புகிறது. கத்தரிக்காய் கிரந்தி, கருவாடு ஆகாது, கோழி சூடு, முட்டை வேண்டவே வேண்டாம். மிஞ்சுவது ரசஞ்சோறு. கீமோவில் சதை வற்றிய உடம்புக்குப் புரதம் வேண்டியிருக்கும் வேளையில் இந்தக் கதி. போதாக்குறைக்கு நாம் நீட்டுகிற கையேட்டில் ஓட்ஸும் ப்ராக்கோலியும்!

பத்தியம் என்ற சொல்லோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? "காலையில் கேழ்வரகுக் கூழ், ஒரு பிடி வேகவைத்த வேர்க்கடலை. மதியம் பருப்பும் முருங்கைக்கீரையும். தினம் ஒரு முட்டை. இதுதான் பத்தியம்" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உடன் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆளுக்குத் தக்கபடி மாற்றுங்கள். மாமியாரே முன்னின்று ஊட்டுவார்.

அடுத்தது குடம். மார்பக அறுவையில் அக்குள் நெறிகட்டிகளை எடுத்தபின் கை வீங்கலாம் என்பதால், "வெயிட் தூக்காதீங்க" என்று அனுப்பிவிடுகிறோம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்ணுக்கு அதன் பொருள் என்ன? குடம் மகளின் இடுப்புக்குப் போகிறது. இவர் திண்ணையோடு ஒடுங்குகிறார். அமெரிக்காவில் கைவீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, கை வலுத்தது. அங்கே அதற்கு இரும்புக் குண்டுகள். இங்கே கால் குடம், பிறகு அரைக் குடம். எத்தனை வாரத்தில் எவ்வளவு என்று இயன்முறை மருத்துவர் வகுத்துக் கொடுக்கட்டும்.

உடற்பயிற்சி கைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உதவுகிறது. பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரிடம் நடந்த 'சேலஞ்ச்' ஆய்வு 2025இல் வெளியானது. மூன்றாண்டு உடற்பயிற்சி வழிகாட்டல் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பிறகு நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 80 விழுக்காடு; வெறும் கையேடு பெற்றவர்களில் 74. வித்தியாசம் அச்சடித்த தாளால் வரவில்லை. கூடவே நின்று நடக்கவைத்த ஆளால் வந்தது. அந்த ஆள் நமக்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் பிரஷர் மாத்திரையோடு படியேறி வருகிறாரே, அவர்தான்.

வெற்றிலை பாக்கு பற்றி ஒரே வார்த்தை. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டுத் தட்டில் பாக்குக்குப் பதில் என்ன வைப்பது என்பதைப் பிற்பகல் அமர்வில் நம்மைவிட இந்த அம்மாக்களே நன்றாகச் சொல்வார்கள்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் இருக்கும் ஓர் அம்மா சற்றுமுன் என்னிடம் கேட்டார்: "குடத்தை எப்பங்க தூக்கலாம்?" அதற்கு அவருக்குப் புரிகிற பதிலைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.