விலாவில் வலி, முதுகில் வலி: காரணத்தைத் தேடுவோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெஞ்சிலும் விலாவிலும் முதுகிலும் மாதக்கணக்கில் நிற்கும் வலியைப் பற்றி இன்று பேசுவோம். "பால்வெட்டுக்காரன் என்றால் முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். தைலம் தேய்க்கிறோம், மாத்திரை விழுங்குகிறோம், மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குப் போகிறோம். வலி ஏன் வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

நம் வேலையை எண்ணிப் பாருங்கள். நிரையில் 500 மரம் என்றால் 500 தடவை உடம்பு ஒரே பக்கம் திரும்புகிறது. தாழ்ந்த பட்டைக்குக் குனிகிறோம். உயர்ந்த பட்டைக்கு அண்ணாந்து கையைத் தூக்குகிறோம். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ. 15 லிட்டர் வாளி இரண்டைக் காண்டாக் கம்பில் மாட்டினால் 30 கிலோ ஒரே தோளில் இறங்குகிறது. ஆபீசில் நாள் முழுதும் கணக்கின்மேல் கவிழ்ந்திருக்கும் கிராணியின் முதுகும் இதற்கு விலக்கல்ல.

மனிதனுக்கு விலா எலும்பு 12 ஜோடி. அத்தனையும் பின்னே முதுகெலும்போடு மூட்டுப் போட்டு நிற்கின்றன. முன்னே, மேலுள்ள 10 ஜோடி குருத்தெலும்பின் வழியாக நெஞ்செலும்போடு இணைகின்றன. ஆகவே முதுகு மூட்டில் பழுதென்றால் வலி விலாவைச் சுற்றிக்கொண்டு முன்னேயும் வரலாம். கை முறிந்தால் கட்டுப்போட்டு ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு ஓய்வு ஏது? நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் நாளுக்கு 21,600 தடவை அது அசைகிறது. அதனால்தான் இந்த வலி ஆற நாளாகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி எட்டு மாதம் இப்படித் துன்பப்பட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள், "ஒன்றுமில்லை" என்றார்கள். அதன்பின் வலி என்று சொன்னபோதெல்லாம் "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்ற பேச்சுத்தான் கிடைத்தது. கடைசியில் ஒரு டாக்டர், "என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா? எந்தத் தோளில் சுமக்கிறீர்கள்?" என்று கேட்டார். விரலால் விலாவை ஒவ்வொன்றாக அழுத்தினார். நெஞ்செலும்பை ஒட்டிய ஓரிடத்தில் அழுத்தியதும் அதே வலி எழுந்தது. குருத்தெலும்பு இணைப்பில் அழற்சி! சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரிவதில்லை. படம் சுத்தமாக இருப்பதால் வலி பொய்யாகிவிடாது. சுமையைக் குறைத்து, தோளை மாற்றி, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துவர, சில மாதங்களில் வலி தணிந்தது.

ஆனால் எல்லா வலியும் இதுவல்ல. நடுநெஞ்சை இறுக்கி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் மாரடைப்பாக இருக்கலாம். தைலம் தேடாமல் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் சளிப் பரிசோதனை வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். ஒரு பக்கம் மட்டும் எரிந்து வலித்து, சில நாளில் கொப்புளம் கண்டால் அக்கி. 45 வயதுக்கு முன்பே தொடங்கி, காலையில் விறைத்து, நடமாடினால் தணியும் முதுகுவலி மூன்று மாதம் தாண்டினால் முதுகெலும்பு வாதமா என்று பார்க்க வேண்டும். விழுந்தபின் வந்த வலி, இரவில் படுத்தாலும் விடாத வலி, கால் மரத்துச் சிறுநீர் அடங்காத நிலை: இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். கிராணிமார்களே, எழுத இயலாத தோழருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். வேலையில் விழுந்தாலோ, சுமை தூக்கையில் பிடித்துக்கொண்டாலோ அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை விபத்துக்கும் தொழில் நோய்க்கும் இழப்பீடு உண்டு. ஆனால் பதிவில்லாத வலிக்குச் சாட்சியில்லை.

தோழர்களே! உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். வாளி ஓட்டையானால் மாற்றிக்கொள்ளலாம். முதுகு ஒன்றுதான். வலிக்குக் காரணம் கேட்பது சோம்பலல்ல, நம் உரிமை.