பின்கதவின் சாவி யார் கையில்?

(புதுக்கடையில் கடைச் சிப்பந்திகள், அண்டியாபீஸ் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்ட ஜனங்கள் மீது, 1954 ஆகஸ்ட் 11ந் தேதி போலீஸ் குண்டு பாய்ந்த ஊர் இது. அவ்வளவு பெரிய கோரிக்கைக்கு உயிர் கொடுத்த மண்ணில், கடைக்குப் பின்கதவு வேண்டும் என்று கேட்க ஒரு கூட்டமா? வரும் வழியில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "பின்வாசலுக்கும் மைக் வச்சுப் பேசணுமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்கு அங்கே நின்று பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லுகிறோம்.

மூன்று நாளாக இந்தப் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பேக்கரி, சாயாக்கடை எல்லாம் பார்த்தோம். முன்னால் ஓர் இரும்பு ஷட்டர். பின்னால் கதவு இருந்தாலும் அதன் முன்னே அட்டைப்பெட்டி மலை. பெட்டிகளை விலக்கினால் கதவில் பூட்டு. சாவி எங்கே? முதலாளி வீட்டில்! சில இடங்களில் மாடிப்படிதான் கிட்டங்கி. ஆள் ஏற வேண்டிய படியில் சரக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று: சில கடைகளில் ஷட்டர் கரண்டில் ஏறி இறங்குகிறது. தீப்பிடித்ததும் முதலில் போவது கரண்ட். அப்புறம் அந்த ஷட்டரை யார் தூக்குவது?

வயலில் நிற்கிற நமக்கு இதில் என்ன என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கேட்கக்கூடும். அந்தக் கடைகளில் நிற்பவர்கள் யார்? நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அல்லவா? 2023 அக்டோபர் 7ந் தேதி, ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் தீபாவளிச் சரக்கு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தீ பற்றியது. 14 பேர் மாண்டனர். ஆஸ்பத்திரியில் மேலும் சிலர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்கள். சிலர் படித்துக்கொண்டிருந்தவர்கள். தீபாவளிச் சீசனில் நாலு காசு சம்பாதிக்கப் போனவர்கள்.

2019 டிசம்பர் 8ந் தேதி விடியற்காலையில் டெல்லி அனாஜ் மண்டியில் 43 தொழிலாளர்கள் செத்தார்கள். சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த கட்டடம். வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கியவர்கள், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, புகை. நம் சுற்றுவட்டாரத்திலும் பேக்கரிகளில் வடநாட்டுப் பையன்கள் மாவு பிசைகிறார்கள். ராத்திரி அங்கேயே படுக்கிறார்கள். வெளியே பூட்டுப் போட்டுப் போகிற வழக்கம் இருக்கிறதா இல்லையா? அவர்கள் நம் பாஷை பேசாததால் அவர்கள் மூச்சுக்குப் புகை வேறு என்று எவனும் சொல்ல முடியாது.

'திருட்டுப் போகும்!'

பூட்டுக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "திருட்டுப் போகும்." இது பழைய சாக்கு. 1911 மார்ச் 25ந் தேதி நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. வெளியேறும் பெண்களின் பைகளைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வாசலைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் மாண்டனர். முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். ஜன்னல் வழியே குதித்தே பலர் செத்தார்கள். முதலாளிகள் இருவரையும் கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் அந்தச் சவ ஊர்வலங்களுக்குப் பிறகு தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ராஜ்யத்தில் தீ பற்றிய சட்டங்களே மாறின.

திருட்டுக்குப் பயந்தால் உள்ளே தாழ்ப்பாள் போடட்டும். வெளியிலிருந்து திறக்க முடியாது; உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் ஒரு கையால் தள்ளித் திறக்கலாம். நாம் கேட்பது இவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சின்னக் கடைக்காரர் நமக்கு விரோதி அல்ல. காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற சாயாக்கடைக்காரரும் அதே புகையில்தான் நிற்கிறார். ஒரே வாசல் வைத்துக் கட்டடம் கட்டி, முன்பணமும் வாடகையும் வாங்குகிறவர் வேறொருவர். பின்சுவரை உடைத்துக் கதவு வைப்பது அவர் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1947ம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் வெளிச்சம், காற்று, தீ முன்னெச்சரிக்கை எல்லாம் இருக்கின்றன. அதே சட்டத்தில்தான் 2021ல் உட்காரும் உரிமையைச் சேர்த்தார்கள். அதுவரை நம் பிள்ளைகளுக்கு ஸ்டூல்கூட இல்லை. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமோ தீயிலிருந்து தப்பும் வழிக்கென்று தனிப் பிரிவே, 38ம் பிரிவு, வைத்திருந்தது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21ந் தேதி மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பு என்ன செய்தது? 10 என்பதை 20 ஆக்கியது. 20 என்பதை 40 ஆக்கியது. பதினைந்து பேர் மிஷினோடு வேலை செய்யும் பட்டறை நேற்று தொழிற்சாலை, இன்று தொழிற்சாலை அல்ல! ஆள் குறைந்தால் நெருப்பின் சூடு குறையுமா?

அண்டியாபீஸ் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையின் ஓட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அது எப்படிப் பற்றும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். வறுக்கும் இடத்துக்கும் உடைக்கும் இடத்துக்கும் நடுவே ஓட்டைக் குவித்து வைப்பதை அவர்கள்தான் தடுக்க வேண்டும். ரப்பர் ஷீட் காயும் புகைப்புரையிலும் இதே கதைதான்.

நூற்பாலையில் வேலை பார்த்த தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மணல் நிரப்பிய சிவப்பு வாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்று கடைப் பையன்களுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதே. காஸை அடைத்துவிட்டு மூடியால் மூடு. கரண்ட் தீயிலும் தண்ணீர் கூடாது. மெயின் சுவிட்சை அணை. அது எங்கே இருக்கிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காஸ் கசிந்தால் அது மேலே போகாது, தரையோடு தங்கும். அந்த நேரம் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திற. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். புகை சூழ்ந்தால் குனிந்து, தவழ்ந்து வெளியே போ.

தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் சில கடைகளில் தொங்குகிறது. காலண்டர் மாட்ட வசதியாக இருக்கிறது! அதன் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. சின்னச் சிலிண்டர் அரை நிமிஷங்கூட வராது. ஊசியை உருவி, தீயின் அடியில் அடிக்க வேண்டும். அது தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால் வீரம் காட்டாமல் ஓடு, 101க்குப் போன் செய். குழித்துறையிலிருந்து வண்டி புறப்பட்டாலும், சாயங்கால நெரிசலில் இந்தச் சந்திக்கு வந்து சேர நேரமாகும். அதுவரை நம்மைக் காப்பது திறந்திருக்கும் கதவு ஒன்றுதான்.

பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தீயணைப்பு அதிகாரியோடு வந்து கடை கடையாகப் பின்வாசலைப் பார்க்க வேண்டும். பூட்டு இருந்தால் எழுதி வைக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள கட்டடத்துச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ராத்திரி ஆளை உள்ளே வைத்துப் பூட்டுவதைத் தடுக்க வேண்டும். விண்ணப்பம் இந்த மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கடைக்காரர்களும் போடலாம்; இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் பேக்கரிப் பையன்களிடமும் கொண்டுபோகிறோம். அவர்கள் இந்தியில் எழுதினாலும் செல்லும்.