கண்ணாடி உடைந்த பிறகு கேட்கும் கேள்வி



வன்முறைக்குக் காரணம் மனிதனின் மனமா, அவன் வாழும் இடமா என்பது இன்றைய தலைப்பு. மனம்தான் என்று ஓர் அணி வாதிட்டது. ஒரே லயத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் டாக்டர் ஆகிறார், இன்னொருவர் சிறைக்குப் போகிறார், அப்படியிருக்க இடத்தை எப்படிக் குறை சொல்வது என்று கேட்டது. நல்ல கேள்வி. இடம்தான் என்று மறு அணி வாதிட்டது. ஒரே விதையை வயலிலும் பாறையிலும் போட்டால் ஒரே விளைச்சல் வருமா என்று கேட்டது. அதுவும் நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு அணியும் தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. எப்போது? ஒரு மனிதன் நல்லதையோ கெட்டதையோ தேர்ந்தெடுக்கிறானே, அந்த நேரம் எது? கல்லைக் கையில் எடுத்த அந்த நொடியா, அதற்கு முந்திய பத்து வருடமா?

இதற்கு விடை தேட இரண்டு திரைப்படங்கள் உதவும். ஒன்று அமெரிக்காவில் எடுத்தது. மற்றொன்று நம் மண்ணில் எடுத்தது.

ஒரு தெரு, ஒரு நாள்

1989-இல் ஸ்பைக் லீ இயக்கிய படம் 'டூ தி ரைட் திங்'. சரியானதைச் செய் என்று அதற்குப் பொருள். நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், கறுப்பர்கள் வாழும் ஒரு தெருவில், கொளுத்தும் கோடையில், ஒரே நாளில் நடக்கும் கதை. அந்தத் தெருவில் பல ஆண்டுகளாகப் பீட்சா கடை வைத்திருப்பவர் சால் என்ற இத்தாலிய வம்சாவளிக்காரர். கடைச் சுவரில் புகழ்பெற்ற இத்தாலிய அமெரிக்கர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. சாப்பிட வருகிறவர்கள் கறுப்பர்கள், சுவரில் ஒரு கறுப்பர் படம்கூட இல்லையே என்று ஓர் இளைஞன் கேட்கிறான். கடை தன்னுடையது, சுவரும் தன்னுடையது என்கிறார் சால். சண்டைக்கு விதை அவ்வளவுதான்.

அன்று இரவு ரேடியோ ரஹீம் என்ற இளைஞன் தன் பெரிய ரேடியோவை அலறவிட்டபடி கடைக்குள் வருகிறான். சால் மட்டையை எடுத்து அந்த ரேடியோவை நொறுக்குகிறார். கைகலப்பு மூள்கிறது. போலீஸ் வருகிறது. போலீஸ்காரர் ஒருவர் ரஹீமின் கழுத்தைத் தடியால் இறுக்கிப் பிடிக்க, அவன் உயிர் போகிறது. அதன் பிறகு, அதே கடையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மூக்கி என்ற கறுப்பு இளைஞன் ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கடையின் கண்ணாடியில் வீசுகிறான். கூட்டம் உள்ளே பாய்கிறது. கடை எரிகிறது.

மூக்கி செய்தது சரியா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி இயக்குநரைத் துரத்துகிறது. வெள்ளைக்கார ரசிகர்களே இதைக் கேட்கிறார்கள், கறுப்பர்கள் யாரும் கேட்பதில்லை என்று ஸ்பைக் லீ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள். ஓர் இளைஞன் செத்துக் கிடக்கிறான், பேச்சோ உடைந்த கண்ணாடியைப் பற்றி. 2014-இல் எரிக் கார்னரும் 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டும் போலீஸ் பிடியில் மூச்சு முட்டி இறந்தபோதும், எரிந்த கடைகளைப் பற்றியே அதிகம் பேசியவர்கள் இருந்தார்கள்.

அது அமெரிக்கக் கதை, இங்கே என்ன என்று யாரும் எண்ண வேண்டாம். 2009 ஜனவரியில் 22 வயது ஏ. குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவருடைய தாயார் வழக்குத் தொடுத்தார். 2013-இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாளியாக்கி, 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தாய் கல் எறியவில்லை. நீதிமன்றப் படி ஏறினார்.

கடையை எரித்தது நியாயம் என்று இந்த மேடை சொல்லவில்லை. மறுநாள் காலை சாம்பலுக்கு முன்னால் நின்று மூக்கி தன் சம்பளத்தைக் கேட்கிறான். ரஹீம் திரும்பி வரவில்லை. சாலின் உழைப்பும் மீளவில்லை. ஆனால் அந்த நாளைப் பின்னோக்கிப் பாருங்கள். சுவரில் ஒரு படம் கூடுதலாக மாட்டியிருக்கலாம். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். போலீஸ்காரர் பிடியைத் தளர்த்தியிருக்கலாம். காலை முதல் இரவு வரை வாய்ப்புகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் ஒவ்வொன்றாகக் கை நழுவ விட்டார்கள். மூக்கியின் கையில் மிஞ்சியது கடைசி வாய்ப்பு. கேள்வி மட்டும் முழுவதும் அவன் ஒருவனுக்கே வந்தது.

கெட்டவன் என்று ஒரு பெயர்

இப்போது நம் படத்துக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்'. ஜஹாட் என்ற மலாய்ச் சொல்லை நம் மக்கள் உச்சரிக்கும் விதமே அந்தத் தலைப்பு. கெட்டவன் என்று பொருள். கதை 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். பன்னிரண்டு வயது அப்பொய் குறும்புக்காரன், கற்பனை வளம் உள்ளவன். அப்பா மணியம் உழைப்பாளி. படித்தால்தான் விடிவு என்று நம்பி, மகனை அடித்துத் திருத்தப் பார்க்கிறார். உறவில் ஒருவர் குண்டர் கும்பலில் இருக்கிறார். இன்னொருவர் போதையில் சிக்கிச் சீரழிந்தவர். பையனுக்கு வீட்டில் அடி, பள்ளியில் திட்டு, கும்பலில்தான் மரியாதை. அவன் எந்தப் பக்கம் சாய்வான்?

மணியம் கெட்ட தகப்பன் அல்லர். அவருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். அந்தக் குடும்பம் ஏன் அங்கே வந்தது என்று கேட்டால் கதை தோட்டத்துக்குப் போகும். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான்கள் வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுக்கு வேறு தொழில் தெரியாது, சொந்த நிலமும் கிடையாது. கோயிலையும் பள்ளியையும் விட்டுவிட்டுப் பட்டணத்து ஓரங்களில் பலகை வீடு கட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பட்டணத்து ஓரம்தான் சிலாங்கூரின் கம்போங் மேடான் வட்டாரம். 2001 மார்ச்சில் அங்கே கலவரம் மூண்டது. ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு இழவு வீட்டுக்கும் இடையே தொடங்கிய தகராறு என்று சொல்லப்பட்டது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். இரு பக்கமும் ஏழைகளே. கூட்ட நெரிசலும் அடிப்படை வசதிக் குறைவும் அதற்கு முன்பே அங்கே இருந்தன. ஆறு பேர் செத்த பிறகுதான் நாடு அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது.

சுங்கை சிப்புட் சொல்லும் பாடம்

பேராக் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 வரை நீடித்தது. அந்தக் கொலைகள் வரலாற்றுப் புத்தகத்தில் இடம்பெற்றன. கொலை கொலைதான், அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் மலாயாத் தோட்டத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு எத்தனை முறை வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்களின் காதில் வயிற்றுப் பசியின் சத்தம் விழவில்லை.

அதே சுங்கை சிப்புட் இன்னொரு வழியையும் காட்டியது. அங்கே பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளி கட்டினால் போதும். பால் வெட்டிய கைகள் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆனாலும் வீடு பறிபோகும் முன்பே செய்த காரியம் அது. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான்.

நேரத்தில் பேசியவர்கள்

'ஜகாட்' படத்துக்கே நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா. மலாய் மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்து, 'ஜகாட்', 'ஓலா போலா' ஆகிய படங்களை அதற்குள் ஒதுக்கினார்கள். மலேசியாவில் எடுத்த மலேசியப் படம், ஆனால் சிறந்த படம் என்ற பொதுப் போட்டியில் இடமில்லை. சாலின் கடைச் சுவரை நினைத்துப் பாருங்கள். அப்போது எதிர்ப்புக் குரல் கொடுத்தவர்கள் இந்தியர்கள் மட்டுமல்லர். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், நடிகர் அஃப்டிலின் ஷவுக்கி போன்ற மலாய்க் கலைஞர்களே விழாவைப் புறக்கணிக்க முன்வந்தார்கள். விதி மாற்றப்பட்டது. எல்லா மொழிப் படங்களும் போட்டியிட்ட பிரிவில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தமக்கு நேராத அநீதியைக் கண்டு, கண்ணாடி உடையும் முன்பே பேசினார்கள். ஒரு கல்கூட எறியப்படவில்லை.

தலைவர் அவர்களே, மனமா இடமா என்ற வழக்குக்கு விடை இதுதான். கல்லை எடுத்த கை அந்த மனிதனுடையது. அதற்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து பறித்தால் அவனை மனிதனாகவே மதிக்கவில்லை என்று ஆகும். ஆனால் அந்தக் கல்லை அவன் எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளையைக் கெட்டவன் என்று பெயர் சூட்டிக் கடைசி வரிசையில் உட்கார வைத்த ஆசிரியருக்கு உண்டு. பிரம்பைத் தவிர வேறு மொழி பேசாத தகப்பனுக்கு உண்டு. மரத்தை வெட்டியவர், அதன் நிழலில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்காமல் விட்டதற்கும் உண்டு.

ஆகவே அடுத்த முறை பத்திரிகையில் குண்டர் கும்பல் சண்டை, இளைஞர் கைது என்ற செய்தி வந்தால், இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு உங்கள் தாமானில், உங்கள் வரிசை வீட்டில், பன்னிரண்டு வயதில் ஓர் அப்பொய் இருப்பான். அவனை இன்று யார் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவன் கையில் இன்னும் கல் இல்லை.