அடியைத் தாங்கும் பாகம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010இல் இயந்திரவியல் முடித்து வெளியே போனவன் நான். இந்தக் கல்லூரியில் எல்லோர் முன்னாலும் நான் நின்றது ஒரே ஒரு முறைதான். லேத்தில் சக் சாவியை எடுக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டேன். சாவி பறந்து போய்ச் சுவரில் அடித்தது. பட்டறை ஆசிரியர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்தார். அந்த அடையாளம் சுவரில் இன்னும் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். (சிரிப்பு)

பயனுள்ளதாக ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் பேசப் போவது ஒரு துப்பாக்கியின் உள்ளே இருக்கும் சின்னப் பாகத்தைப் பற்றி. பயப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கிறான். அங்கே குறிபார்த்துச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. பாகம் பாகமாக வாங்கித் தாங்களே துப்பாக்கியைச் சேர்ப்பவர்களும் நிறைய. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிள், முனையில் மாட்டும் சைலன்சர், இந்த இரண்டையும் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இவன் அதையெல்லாம் முறைப்படி முடித்துவிட்டு ஒருநாள் ராத்திரி எனக்கு போன் போட்டான்.

"மச்சான், நீ அதிர்வு, டேம்பிங்னுதானே வேலை பார்க்கிற? குழல் சிறுசு, முனையில சைலன்சர். அடி பயங்கரமா விழுது. எந்த பஃபர் போடலாம் சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1950களின் இறுதியில் யூஜீன் ஸ்டோனரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கிய ஏஆர்-15 தான் பிறகு எம்16 ஆனது. தோட்டா வெடித்ததும் குண்டு குழலில் ஓடுகிறது. வழியில் ஒரு சிறு துளை. அதன் வழியாகக் கொஞ்சம் கேஸ் ஒரு குழாயில் பின்னோக்கி வந்து, போல்ட்டைச் சுமக்கும் கேரியரைத் தள்ளுகிறது. போல்ட் திரும்பித் திறக்கிறது. காலி உறை வெளியே வருகிறது. கேரியர் பின்னால் ஓடிப் போய் ஒரு ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஸ்பிரிங்குக்கும் கேரியருக்கும் நடுவே இருப்பதுதான் பஃபர். ஸ்பிரிங் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது.

ஆக, பஃபர் அடியைத் தாங்கும் பாகம். அடி எங்கிருந்து வருகிறது? அந்தச் சிறு துளையிலிருந்து. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது 1964க்குப் போவோம். எம்16 துப்பாக்கியை ஐஎம்ஆர் 4475 என்ற வெடிமருந்தை வைத்து வடிவமைத்திருந்தார்கள். பெருமளவில் தோட்டா தயாரிக்கும்போது, அழுத்த வரம்பை மீறாமல் கேட்ட வேகத்தை எட்டுவது அந்த மருந்தால் கடினமாக இருந்தது. அதனால் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு ராணுவம் மாறியது. காகிதத்தில் எல்லாம் சரி. வேகம் சரி, அறையின் அழுத்தம் சரி. ஆனால் புது மருந்து எரியும் விதம் வேறு. குண்டு அந்தச் சிறு துளையைக் கடக்கும் இடத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தது. கேரியருக்கு விழுந்த உதையும் கூடியது. நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்திருந்த மேல் வரம்பைப் பல துப்பாக்கிகள் தாண்டின. மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் கேஸ் குழாயில் படியத் தொடங்கியது.

இனிமேல் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. புது மருந்தில் சுட்டால் துப்பாக்கி வேக வரம்புக்குள் நிற்காது என்று தெரிந்ததும், தொழிற்சாலையில் ஏற்புச் சோதனையைப் பழைய வகை மருந்துள்ள தோட்டாவால் செய்துகொள்ள அனுமதி கொடுத்தார்கள். துப்பாக்கி சோதனையில் தேறியது. தேறிய துப்பாக்கி வியட்நாமுக்குப் போனது. அங்கே கொடுத்தது புது மருந்துத் தோட்டா! சோதனை ஒன்றில், சண்டை வேறொன்றில்.

போதாததற்கு, இந்தத் துப்பாக்கிக்குப் பெரிதாகச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கம்பியும் எண்ணெயும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சும் இல்லை. அந்த ஈரக் காற்றில் துரு ஏறியது. காலி உறை அறையில் ஒட்டிக்கொள்ள, முன்னைவிட வேகமாகத் திறக்கும் போல்ட் அதைப் பிடித்து இழுக்க, உறை உள்ளேயே நின்றுவிடும். கம்பியை முன்னாலிருந்து விட்டுத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது! சிக்கிக்கொண்ட துப்பாக்கியோடு இறந்து கிடந்த வீரர்களைப் பற்றி 1967இல் ஊருக்கு வந்த கடிதங்கள் செய்தித்தாள்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போயின. அதற்கு முன்பு புகார் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "நீங்கள் ஒழுங்காகத் துடைப்பதில்லை."

அதே 1967இல் பிரதிநிதிகள் சபையின் ஐகார்ட் துணைக்குழு விசாரித்து, மருந்து மாற்றத்தையும் அதைக் கையாண்ட விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது. அறைக்குக் குரோம் பூச்சு வந்தது. துடைக்கும் கருவிகள் போயின. 1968இல் புகழ்பெற்ற படக்கதை ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு, துப்பாக்கிப் பராமரிப்புக்குப் படக்கதைப் புத்தகமே போட்டார்கள். பஃபரும் மாறியது. பழையது எடை குறைந்தது. புதியதற்குள்ளே எஃகுத் துண்டுகளும் இடையிடையே ரப்பர் வில்லைகளும். உள்ளே ஈயக் குண்டு போட்ட சுத்தியல் அடித்த இடத்தில் எகிறாமல் நிற்கும் இல்லையா, அதே தத்துவம். போல்ட் மூடியபின் துள்ளுவது நின்றது. சுடும் வேகமும் குறைந்தது.

நல்ல பஃபர்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஃபரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழுக்கும் துருவும் அப்படியேதான் இருந்திருக்கும்.

இனி என் நண்பனின் கதைக்கு வருகிறேன். குட்டைக் குழலும் அந்தப் போரிலேயே வந்தது. எக்ஸ்எம்177இ1 என்ற சிறு துப்பாக்கிக்குக் குழல் 10 அங்குலம்தான். எம்16 குழல் 20 அங்குலம். குழலைக் குறைத்தால் துளையையும் அறைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அங்கே அழுத்தம் அதிகம். அதே சமயம் துளையைத் தாண்டிய குண்டு குழலை விட்டு வெளியேறும்வரைதான் கேஸ் முழு அழுத்தத்தில் தள்ளும். எம்16இல் துளைக்குப் பின் ஏறத்தாழ 7 அங்குலம் மிச்சம். குண்டு விநாடிக்கு 950 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 0.19 மில்லி விநாடி. 10 அங்குலக் குழலில் மிச்சம் ஏறத்தாழ இரண்டரை அங்குலம், அதே வேகத்தில் 0.07 மில்லி விநாடிதான். உதை பலமானது, நேரம் குறைவானது. கொஞ்சம் பிசகினாலும் ஒன்று அதிகமாகிவிடும், இல்லை போதாமல் போகும்.

அந்தக் குட்டைத் துப்பாக்கியின் சத்தத்தையும் தீப்பிழம்பையும் அடக்க முனையில் ஒரு சாதனம் வைத்தார்கள். அது கேஸைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்ததால் கேரியருக்குத் தள்ளும் நேரமும் நீண்டது, அழுக்கும் கூடியது. இன்றைய சைலன்சரும் இதைத்தான் இன்னும் பெரிய அளவில் செய்கிறது. குண்டு போன பிறகும் அழுத்தம் நிற்கிறது; கேஸ் பின்னால் திரும்புகிறது; கேரியர் தலைதெறிக்க ஓடுகிறது.

இதை பஃபரால் எவ்வளவு தடுக்கலாம்? தம்பி தங்கைகளே, முதலாண்டுக் கணக்குதான். போல்ட்டும் கேரியரும் சேர்ந்து சுமார் 330 கிராம். சாதாரணக் குட்டை பஃபர் 85 கிராம். மொத்தம் 415. எஃகுத் துண்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு டங்ஸ்டன் வைத்த எச்2 பஃபர் சுமார் 131 கிராம். மொத்தம் 461. உதை அதேதான் என்றால் வேகம் எடைக்கு நேர் எதிர் விகிதம். பத்து சதவீதம் குறையும். அவ்வளவுதான்! சைலன்சர் கூட்டும் உதை பத்து சதவீதத்துக்குள் நின்றால் பஃபர் போதும். மிஞ்சினால் போதாது. ஸ்பிரிங்கை முரட்டுத்தனமாக்கினால் திரும்பி வரும்போதும் அதே முரட்டுத்தனத்தோடு மூடும். தோட்டாவை மேலே தள்ள மேகசினுக்கு நேரம் இருக்காது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, ஏன் தூங்கவில்லை என்று கேட்பீர்கள்.

என் முதல் வேலை ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். பெட்டிகளை அடுக்கும் இயந்திரம். காற்றுச் சிலிண்டர் ஒரு இரும்புத் தட்டைத் தள்ளும். கடைசியில் தட்டு போய் ஒரு பஃபரில் முட்டி நிற்கும். ஒருநாள் முட்டும் சத்தம் கூடிவிட்டது. என்னை அனுப்பினார்கள். வரைபடத்தில் காற்றழுத்தம் 4 பார் என்று இருந்தது. கணக்குப் போட்டேன், பட்டியலைப் புரட்டினேன், ஒரு அளவு பெரிய பஃபராகப் பார்த்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மனசுக்குள் ஒரே பெருமை.

அந்த இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். "சார், வார நாள்ல இதைவிட வேகமா வந்து அடிக்கும் சார்" என்றார். "அதெல்லாம் தாங்கும்ணே, கணக்குப் போட்டாச்சு" என்றேன். தாளில் "சோதனை திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிமிடத்துக்கு இன்னும் நாலு பெட்டி அதிகம் வேண்டும் என்று வார நாட்களில் காற்றை 6 பாருக்கு ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்ப்ரஸர்தான் ஓடியது. அழுத்தமானி 4 காட்டியது. தள்ளும் சக்தி ஒன்றரை மடங்கு என்றால் தட்டு சுமந்து வரும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பஃபர் உடையவில்லை. அதைப் பிடித்திருந்த தாங்கியின் வெல்டிங் பத்தொன்பதாம் நாள் விட்டது. தட்டு எல்லை தாண்டி வந்து அந்த அண்ணனின் வலது கையில் அடித்தது. இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நான் சொன்னேனே சார்" என்று மட்டும் சொன்னார்.

சில வருடம் கழித்து எம்16 கதையைப் படித்தபோது, அந்த ஏற்புச் சோதனை பற்றிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அது அமெரிக்க ராணுவம், நான் ஒரு சின்னப் பொறியாளன். ஆனால் செய்தது ஒன்றுதான். ஓடும் நிலையில் சோதிக்கவில்லை. கையில் பிடித்திருப்பவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அடி எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், தாங்கும் பாகத்தைப் பெரிதாக்கினேன்.

மறுநாள் காலை நண்பனைக் கூப்பிட்டேன். "பஃபரை அப்புறம் பார்ப்போம்டா. முதல்ல கேஸைக் குறை. துளை பெரிசா இருக்கான்னு விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டு. கேஸை அளந்து விடுற பிளாக் கிடைக்குது, அதைப் போடு. பின்னால கேஸைத் திருப்பாத மாதிரி சைலன்சரும் இப்ப வருது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தா புதுசு மாத்து. இவ்வளவும் பண்ணிட்டு மிச்சம் இருக்கிற அடிக்கு பஃபரைத் தேர்ந்தெடு. அப்புறம் நீ நிஜமா சுடப் போற தோட்டாவை வச்சே சோதி. சைலன்சரோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை. சுத்தமா இருக்கும்போது ஒரு தடவை, அழுக்கானப்புறம் ஒரு தடவை. மேகசின்ல ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடு. போல்ட் பின்னால போய் நிக்கலன்னா பஃபர் கனம், இல்லாட்டி கேஸ் போதலன்னு அர்த்தம்."

"ஒரு பஃபர் பேரு சொல்லுன்னா ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிறியே" என்றான். இருந்தாலும் செய்தான். கேஸைக் குறைத்த பிறகு எச்2வே போதுமானதாக இருந்ததாம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் துப்பாக்கி செய்யப் போவதில்லை. பம்ப், பிரேக், லிஃப்ட், பிரஸ் என்று ஏதோ ஒன்றின் பக்கத்தில் நிற்பீர்கள். "சத்தம் வருது, ஏதாவது போட்டு அடக்கு" என்று மேலே இருப்பவர் சொல்வார். அடக்குவது சுலபம், பட்டியலில் எல்லா அளவும் கிடைக்கும். கையெழுத்துப் போடுமுன் அழுத்தமானியைப் பாருங்கள், வார நாளில் பாருங்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். அவருக்குச் சமன்பாடு தெரியாமல் இருக்கலாம். அடி விழுவது அவர் கையில்.

அந்த அண்ணனோடு இன்றும் தொடர்பில் இருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் அவர் கதையைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "பசங்களுக்குத்தானே, சொல்லுங்க சார்" என்றார். அவர் அனுமதியோடுதான் சொன்னேன்.

பட்டறைச் சுவரில் இருக்கும் அந்த அடையாளத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட வேண்டாம் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.