மான்டிவீடியோ வீட்டுக் கடிதங்கள்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்துக் கடற்கரையை அடுத்த லிபர்ட்டி கவுண்டியில், மான்டிவீடியோ, மேபாங்க், ஆர்க்கேடியா என்ற மூன்று பெருந்தோட்டங்களுக்கு உடையவராகவும், பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகராகவும் வாழ்ந்து 1863-இல் காலமான சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்பாரின் குடும்பத்தார் தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவற்றுள் 1854 முதல் 1868 வரை எழுதப்பட்ட ஏறத்தாழ 1,200 கடிதங்களை ராபர்ட் மான்சன் மையர்ஸ் பதிப்பித்து 1972-இல் வெளியிட்டார். மறு ஆண்டே அந்நூல் அந்நாட்டின் தேசியப் புத்தகப் பரிசைப் பெற்றது.

இக்கடிதங்களின் வசீகரத்தை மறுப்பது நியாயமாகாது. கல்லூரியில் பயிலும் மைந்தருக்குத் தந்தை கூறும் புத்திமதியும், நெல் அறுவடையும், காய்ச்சலும், பிரசங்கமும் நிரம்பிய இவற்றுள், சவான்னா நகரத்து மேயராக இருந்த மூத்த மகன் 1861 ஜூலையில் தம் சிறு மகளையும் மனைவியையும் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தபோது பெற்றோர் எழுதிய ஆறுதல் கடிதங்களைப் படிப்பவர் எவரும் கண்கலங்காமல் இருத்தல் அரிது. அந்த அன்பு மெய்யானது; அதனை ஐயுறுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஆயினும் இந்த வீடு நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளின் உழைப்பின்மேல் நின்ற வீடு. பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற இளமைக் காலத்தில், தமக்கு மணம் பேசப்பட்டிருந்த மேரிக்கு எழுதிய கடிதங்களில், அடிமைமுறை தெய்வ நீதிக்கும் மனித நீதிக்கும் விரோதமானதென்று மனம் வெதும்பியவர் இதே ஜோன்ஸ்தான். ஊர் திரும்பியபின் அவர் விடுதலைக்காக உழைக்கவில்லை. அடிமைகளின் ஆன்ம நலனுக்காக உழைத்தார். அவர்களுக்கு எழுத்தறிவிப்பதை 1829-ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஜார்ஜியாவில் தடுத்திருந்தமையால், வாய்மொழியாகவே கற்பிக்கத்தக்க ஞானோபதேச வினாவிடை ஒன்றை இயற்றி, தோட்டந்தோறும் சென்று போதித்தார். மனசாட்சி கண்ட உண்மையைப் பக்திப் பணியொன்றால் ஈடுசெய்துவிடலாம் என்று ஒரு நல்ல மனிதர் எவ்வாறு நம்பத் தலைப்பட்டார் என்பதை அவர் கையெழுத்தே படிப்படியாக நமக்குக் காட்டுகிறது. இத்தொகுதியின் பெருமதிப்பு இதிலேயே உள்ளது என்பது என் துணிபு.

1856-இல் ஜேன் என்ற அடிமைப் பெண் தோட்டத்தை விட்டுத் தப்பிச் சவான்னாவில் மறைந்து வாழ்ந்து பிடிபட்டாள். அதன்பின் அவள் தாய் ஃபீபி, ஃபீபியின் கணவன் காசியஸ் உள்ளிட்ட குடும்பத்தை விற்றுவிடுவதென்று ஜோன்ஸ் குடும்பத்தார் முடிவு செய்தனர். குடும்பத்தைப் பிரிக்கலாகாது, நல்லதோர் எஜமானனிடமே சேர்க்க வேண்டும் என்றெல்லாம் தந்தையும் மகனும் கவலையோடு எழுதிக்கொண்டனர். வாங்கியவனோ அவர்களை நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டு சென்றான். அங்கிருந்து 1857 மார்ச் 17-ஆம் தேதியிட்டு, ஃபீபி, காசியஸ் இருவர் பெயராலும் ஒரு கடிதம் லிபர்ட்டி கவுண்டிக்கு வந்தது. ஊரில் விடப்பட்ட பெண்மக்களுக்கு நலம் விசாரித்து, ஜேன் பிப்ரவரி முதல் நாளில் இறந்துவிட்டாள் என்ற செய்தியை அறிவித்து, தாங்கள் விற்கப்பட்டது வன்மத்தாலேயே என்பதையும் ஒளிக்காமல் கூறும் அக்கடிதம், எஜமானர் வீட்டுக் காகிதங்களோடு ஒன்றாய்க் கிடந்து நம் காலம் வரை பிழைத்திருக்கிறது. மூத்த மகன் தம் மனைவி மகளுக்காக அழுத கடிதத்திற்கு இக்கடிதம் எந்த விதத்திலும் குறைந்ததன்று.

உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரில் வடபுலத் தளபதி ஷெர்மனின் படையினர் மான்டிவீடியோவைச் சூறையாடிய நாட்களில், விதவையான மேரியும் அவர் மகளும் எழுதிய நாட்குறிப்பு வேறொரு வகையில் மதிக்கத்தக்கது. வீட்டைச் சுற்றிப் படைவீரர் திரிந்துகொண்டிருக்கையில், 1865 ஜனவரி 4-ஆம் நாள் அம்மகளுக்குக் குழந்தை பிறந்தது. அச்சத்தை அன்றன்றே பதிந்த அப்பெண்மணிகளின் தைரியத்தை நான் வணங்குகிறேன்; தம்மோடிருந்த அடிமைகளுக்கு அந்த நாட்கள் எவ்வாறு விடிந்தன என்பதை அவர்களால் காண இயலவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1868-இல் மேரி தோட்டத்தை விட்டு, மகளோடு வாழ நியூ ஆர்லியன்ஸுக்கே சென்று, மறு ஆண்டு அங்கே உயிர் நீத்தார். குடும்பக் காகிதங்களில் ஒரு பகுதி இன்று அந்நகரத்துத் தூலேன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

எர்ஸ்கின் கிளார்க் என்னும் வரலாற்றாசிரியர் 2005-இல் வெளியிட்ட நூலில், இதே காகிதங்களையும் தோட்டக் கணக்குகளையும் கொண்டு, பெரிய வீட்டின் சரித்திரத்தையும் அடிமைக் குடிசைகளின் சரித்திரத்தையும் ஒருங்கே எழுதினார். காசியஸும் ஃபீபியும் அந்நூலில் தலைமுறைகளும் உறவுமுறைகளும் உடைய மாந்தராக வருகின்றனர். மையர்ஸின் பெருந்தொகுப்பைக் கையில் எடுக்கும் மாணவர் இந்நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.